எக்ஸ்ரே கேட்காத விசா

1

இந்த ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என் நெஞ்சைப் படம் எடுக்கிறார்கள். லேபர் கார்டைப் புதுப்பிக்க அது இல்லாமல் முடியாது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஏசியில் ஜில்லிட்டுக் கிடக்கும் தகட்டில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார். ஒரு சத்தம் கேட்கும். பிறகு விடச் சொல்வார். அவ்வளவுதான். வங்காளிகளும் மலையாளிகளும் சட்டையை மாட்டிக்கொண்டு பேசிச் சிரித்தபடி போய்விடுவார்கள். நான் மட்டும் வெளியே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஐந்தாவது தடவையாக எடுத்தார்கள். மஸ்கட்டுக்கு வந்து பத்து வருடம் ஆகிவிட்டது என்பது அந்தப் பெஞ்சில்தான் உறைத்தது. என் சிநேகிதன் கலியபெருமாளும் வந்திருந்தால் அவனுக்கும் பத்து வருடம். பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பான். அவன் ஏன் வரவில்லை என்று எங்கள் ஊர் விருத்தாசலத்தில் எல்லோரும் ஒரு காரணம் சொல்வார்கள். அதில் என் பெயர் இருக்காது. இருந்திருக்க வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மஸ்கட்டில் ரூவி என்ற பகுதியில் ஒரு பெரிய கிடங்கில் வேலை. டைல்ஸ், வாஷ்பேசின், கக்கூஸ் கோப்பை எல்லாம் கப்பலில் வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் சின்ன மரக்கட்டையால் தட்டிப் பார்ப்பேன். மணி மாதிரிச் சத்தம் வந்தால் ஒரு பக்கம், மந்தமாக வந்தால் மறுபக்கம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடும். ஊரில் செராமிக் படித்ததால் கிடைத்த வேலை இது. வீட்டிலும் அந்தப் புத்தி போவதில்லை. கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். பாஸ்போர்ட்டுகளை மாதம் ஒருமுறை எடுத்துத் தேதி பார்ப்பேன். "செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு" என்று என் மனைவி ரஹ்மத் கேலி செய்வாள்.

மகள் நஸ்ரின் இங்கேதான் பிறந்தாள். ஏழு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் இந்தி. விருத்தாசலத்தை "உங்க ஊரு" என்பாள். முதலில் "நம்ம ஊரு" என்று திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது விட்டுவிட்டேன்.

2

கலியபெருமாளும் நானும் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. அவன் அதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு கல் அரைக்கிற மில்லுக்குப் போனான். பீங்கான் செய்யக் களிமண் மட்டும் போதாது. வெள்ளைக் கல்லை மாவாக அரைத்துச் சேர்க்க வேண்டும். அந்த மாவு பறக்கிற கொட்டகையில்தான் அவனுக்கு வேலை. சாயங்காலம் வெளியே வந்தால் புருவம், இமை, காது மடல் எல்லாம் வெளுத்திருக்கும்.

"என்னாய்யா கலியபெருமாளு, கண்ணாலத்துக்கு மாவு இடிச்சிட்டு வரியா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரித்து முடிக்கும்போது இருமுவான். இருமல் அவன் சிரிப்பின் கடைசிப் பகுதி என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார்கள். மஸ்கட்டில் இருந்த என் மாமா, ஒரு கிடங்குக்கு இரண்டு ஆள் தேவை என்று எழுதினார். பீங்கான் சாமானைத் தரம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், அதை உடைக்காமல் தூக்கி அடுக்கத் தெரிந்தவர் ஒருவர்.

"நம்ம ரெண்டு பேரையும் பாத்துட்டே கேட்ட மாதிரி இருக்குது மாப்ள" என்றான் கலியபெருமாள். அப்போது எண்பத்தொன்பது. அவனுக்குக் கல்யாணமாகி செல்வியின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட வேண்டும், வேறொன்றும் பெரிதாக ஆசையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

விசா நகல் இரண்டும் ஒரே கவரில் வந்தன. கூடவே என்னென்ன வேண்டும் என்று இங்கிலீஷில் இரண்டு பக்கப் பட்டியல். ஜங்ஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் ஒரு சிவப்பு மை பேனா வைத்திருந்தேன்.

"நீ ஒண்ணொண்ணா படிச்சி டிக்கு போடு மாப்ள. எது எது வேணும்னு சொல்லு, நான் கொண்டாறன்."

படித்தேன். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். டிக்கு. காது தெரிய எடுத்த போட்டோ. டிக்கு. பத்தாவது தேறாதவன் என்பதால் அவன் மட்டும் மெட்ராஸில் ஒரு அரசாங்க ஆபீஸில் அனுமதி முத்திரை வாங்க வேண்டும். அதையும் ஏஜெண்டு பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். டிக்கு. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது. மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்படும், பழையதோ புதியதோ எந்த நிழல் தெரிந்தாலும் அனுமதி இல்லை என்று அதில் இருந்தது.

அந்த வரியை மனசுக்குள் இரண்டு தடவை படித்தேன். கல் தூசி நெஞ்சில் தங்கினால் என்ன ஆகும் என்று செராமிக் படிப்பில் எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. பரீட்சையில் அதற்கு அரைப் பக்கம் பதில் எழுதியவன் நான். எதிரே கலியபெருமாள் டீயை ஊதிவிட்டு, ஊதினதற்கே இருமிக்கொண்டிருந்தான்.

"என்னா மாப்ள, நின்னுட்ட?"

"மெடிக்கல் செக்கப்பு. சும்மா ரத்தம், ஒண்ணுக்கு, கண்ணு பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு டிக்கு போட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? அவன் அதிர்ஷ்டத்தை நான் ஏன் வாயால் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன் என்பதுதான் வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். அது பொய். எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தது. பம்பாய், விமானம், தெரியாத பாஷை எல்லாமே அவன் பக்கத்தில் இருந்தால் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. உள்ளதைச் சொன்னால் அவன் முதலில் டாக்டரைப் பார்க்கலாம் என்பான், அல்லது வேண்டாம் என்றே சொல்லிவிடுவான். நான் தனியாகிவிடுவேன். இருபத்து நாலு வயது ஆம்பளைக்கு வந்த பயம் அது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

3

மெடிக்கல் என்று காதில் விழுந்ததும் அவனாகவே ஒரு வைத்தியம் ஆரம்பித்தான். கல் மில்லில் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் ஆளுக்கொரு துண்டு வெல்லமும் ஒரு வாழைப்பழமும் தின்பார்கள். உள்ளே போன தூசியை வெல்லம் உருட்டிக் கீழே தள்ளிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. கலியபெருமாள் அந்த மாதம் முழுக்க ஒரு துண்டுக்கு நாலு துண்டாகத் தின்றான்.

"உள்ள பூரா கழுவி வுட்டுட்டேன் மாப்ள. கண்ணாடியாட்டம் இருக்குது" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினான். வெல்லம் போகிற வழி வேறு, தூசி போகிற வழி வேறு. படித்தவனாகிய நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் பக்கத்தில் விசா வந்துவிட்டால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரிதான். மெடிக்கல் பாக்கி இருக்கிறது என்பதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. வீடு வீடாக விருந்து வைத்தார்கள். எங்கள் வீட்டில் பிரியாணி. கருவேப்பிலங்குறிச்சியில் அவன் அக்கா கோழி அடித்தாள். பழமலைநாதருக்கு அவன் பேரில் அர்ச்சனை, பள்ளிவாசலில் என் பேரில் துஆ. மில்லில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். ஜங்ஷனில் இரண்டு பேருக்கும் மாலை போட்டு, போட்டோ எடுத்து, மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். செல்வி குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

மறுநாள் காலை மெட்ராஸில் எக்ஸ்ரே. எடுத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். "மூச்ச இழுத்துப் புடின்னாங்க. கெட்டியா புடிச்சிக்கினேன். இருமலே வரல மாப்ள" என்றான் பெருமையாக. இருமினால்தான் படத்தில் விழும் என்று நினைத்திருக்கிறான்.

சாயங்காலம் என் தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அவனை டாக்டர் உள்ளே கூப்பிட்டார். துணி மறைப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் அவன் முதுகில் கையை வைத்து விரலால் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. மந்தமாகக் கேட்டது.

"என்னப்பா வேலை செய்யிற?"

"கல்லு அரைக்கிற மில்லுங்க. இப்ப வுட்டுட்டேனுங்க."

"விட்டது விட்டதாகவே இருக்கட்டும். மறுபடி அந்தப் பக்கம் போகாதே. ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டு" என்றார் டாக்டர். அவன் தாளில் முத்திரை விழவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பம்பாய் ரயிலில் என்னை ஏற்றிவிட அவன்தான் வந்தான். என் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தான். பிறகு தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். மீதி வெல்லம்.

"பாலவனம்ங்கறாங்க. தூசி அடிக்கும். வச்சிக்க மாப்ள" என்றான். நான் அழுதேன். என்னைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டு அவன் என் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

மாலையோடு போனவன் இரண்டே நாளில் எப்படித் திரும்பிப் போவது? உளுந்தூர்பேட்டையிலேயே ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்திருக்கிறான். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் துண்டால் தலையை மூடிக்கொண்டு வேறு பஸ் மாறி, கருவேப்பிலங்குறிச்சி அக்கா வீட்டில் போய்ப் பதினைந்து நாள் வெளியே வராமல் கிடந்தானாம். தன் சொந்த ஊரைத் திருடன் மாதிரிக் கடந்து போயிருக்கிறான். இதை அவன் எனக்கு எழுதவில்லை. என் அம்மாதான் எழுதினாள். "பாவம், அவன் நேரம் சரியில்லை" என்று முடித்திருந்தாள்.

4

இந்த வருடம் எக்ஸ்ரே எடுத்துவிட்டு அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்தபோது, அவனை ஒரு மாதமாவது இங்கே கூட்டி வருவது என்று முடிவு செய்துவிட்டேன். விசிட் விசா. நான் லீவில் ஊருக்குப் போய், திரும்பும்போது அவனோடு சேர்ந்து வருவது. பத்து வருடத்துக்கு முன்னால் போட்ட திட்டம் அப்படியே.

எங்கள் கம்பெனியில் விசா வேலையெல்லாம் ஒரு மலையாளி பார்க்கிறார். அவரிடம் மூன்று தடவை போய் ஒரே கேள்வியைக் கேட்டேன். மூன்றாவது தடவை அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சேட்டா, விசிட்டினு மெடிக்கல் வேண்டா. எக்ஸ்ரே வேண்டா. ஆளு மதி." ஆள் வந்தால் போதுமாம்.

அப்படியும் பட்டியலை ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் படித்தேன். நெஞ்சு என்ற சொல்லோ நிழல் என்ற சொல்லோ எங்கேயும் இல்லை. நஸ்ரின் என் தோள் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு வர்றாங்க டாடி? ரிலேட்டிவா?"

"ஃபிரண்டு. கலியபெருமாள் மாமா."

"ஃபிரண்டுக்கு எதுக்கு இவ்ளோ பேப்பர்?" என்றாள். அவளுடைய சிநேகிதிகள் எல்லாம் இதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறார்கள். லிஃப்டில் போனால் போதும்.

5

ஊருக்குப் போனதும் கலியபெருமாளை அதே டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் மாறியிருந்தார். கலியபெருமாள் இப்போது பொம்மை செய்கிற ஒரு யூனிட்டில் பேக்கிங் பார்க்கிறான். பீங்கான் பொம்மைகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. ஆள் கொஞ்சம் இளைத்திருந்தான். சிரித்தால் முடிவில் இருமல் இன்னமும் வருகிறது, ஆனால் முன்னைப்போல் நீளமில்லை. கூரை இன்னும் கூரையாகவேதான் இருக்கிறது.

விசா தாளையும் பட்டியலையும் வெளியே எடுத்தேன். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். அவன் பத்தாவது தேறாதவன் என்பதால் சென்னையில் அந்த அனுமதி முத்திரை ஆபீஸுக்கு இந்தத் தடவையும் போக வேண்டும் என்பது வரை. எல்லாம் முடிந்ததும் கேட்டான்.

"எக்ஸ்ரே?"

"இல்ல."

"நல்லா பாத்தியா?"

அந்தக் கேள்வியை அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். என்னால்தான் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்த இரண்டாம் பக்கத்து வரி, இரண்டு தடவை படித்தது, ரத்தம் ஒண்ணுக்கு என்று சொன்னது, தனியாகப் போகப் பயந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்தான். பாதி டீ அப்படியே இருந்தது.

"நான் வெல்லந் தின்னுக்கினு கெடந்தனே, அப்பகூட சொல்லலியேடா" என்றான். எழுந்து போய்விட்டான்.

இரண்டு நாள் அவன் வரவில்லை. நானும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? விசா தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று கூட நினைத்தேன். என் அம்மா காரணம் தெரியாமல், "என்னாடா, ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்களாட்டம் சண்டையா?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் வந்தான். வாசலிலேயே நின்றான். கையில் ஸ்டூடியோ கவர். காது தெரிய எடுத்த போட்டோ நாலு.

"ரெண்டு நாளா யோசிச்சிப் பாத்தேன்" என்றான். "நீ அன்னிக்கி சொல்லியிருந்தா நான் மெட்ராஸுக்கே வந்துருக்க மாட்டேன். எக்ஸ்ரேவும் எடுத்துருக்க மாட்டேன். அந்த மில்லுலயேதான் கெடந்துருப்பேன். என்னோட அரைச்சிக்கினு இருந்தவங்கள்ல ரெண்டு பேரு இப்ப இல்ல, தெரியுமா உனக்கு? செல்விகிட்ட சொன்னேன். அவ உன்னைத் திட்டல. போயிட்டு வான்னுட்டா."

நான் பேச வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"இரு. அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிடாது. சொல்லியிருக்கணும் மாப்ள. நான் எறங்கி, துண்ட போத்திக்கினு நம்ம பஸ் ஸ்டாண்டுல நின்னேன் பாரு, அது இன்னிக்கி வரிக்கும் உறுத்திக்கினுதான் இருக்குது. ரெண்டும் நெசந்தான். இந்தா, போட்டோ சரியா இருக்குதான்னு பாத்துக்க."

பார்த்தேன். காது இரண்டும் நன்றாகத் தெரிந்தன. வேறெதுவும் பார்க்க முடியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது. என் அம்மா உள்ளேயிருந்து, "வா கலியபெருமாளு, நாஸ்தா சாப்டு" என்று கூப்பிட்டாள்.

6

இந்தத் தடவை மாலை கிடையாது, போட்டோ கிடையாது. அவனே வேண்டாம் என்றுவிட்டான். அக்காவுக்குக்கூட, போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றான். செல்வி மட்டும் ஜங்ஷனுக்கு வந்து ஒரு கூஜாவில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

விமானத்தில் ஜன்னல் பக்கம் அவனை உட்கார வைத்தேன். வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தவன், மஸ்கட்டில் இறங்கியதும் வாயை மூடிக்கொண்டான். புது இடம், மிரட்சியாக இருக்கும் என்று நினைத்தேன். இங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வரிசை, புதிதாக வருகிறவர்களுக்கு வேறு வரிசை. எனக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் போய் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுண்டருக்கு முன்னால் கலியபெருமாள் போலீஸ்காரர் மாதிரி விறைத்து நின்றான். நெஞ்சு முன்னால் வந்திருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், விசாவைப் பார்த்தார், அவனை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்டார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். மறுபடி கேட்டார். மறுபடி தலையாட்டினான். முகம் சிவந்துகொண்டு வந்தது. உடம்புக்கு ஏதோ ஆகிறது, நெஞ்சுதான், பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என்னை அங்கே போக விடவும் மாட்டார்கள். அதிகாரி ஒரு நிமிஷம் அவனையே பார்த்துவிட்டு, லேசாகச் சிரித்து, முத்திரையைக் குத்தினார்.

கலியபெருமாள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வேக வேகமாக என்னிடம் வந்தான். கண் பிதுங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டை அசைக்காமல் கேட்டான்.

"மாப்ள, இப்ப மூச்ச வுட்டுக்கலாமா?"

"வுடுடா" என்றேன்.

விட்டான். பின்னாலேயே இருமலும் வந்தது. பிடித்து வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினான். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏண்டா இப்படி? எக்ஸ்ரே கெடையாதுன்னு ஒரு வரி வுடாம படிச்சிக் காட்டினேனே?"

நிமிர்ந்தான். கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"நீ படிச்சத நம்பி ஒருதடவ வந்தவன்தான மாப்ள நானு" என்றான்.